கை பம்ப் நல்லதுதான், முள்தான் நிற்காது

எஞ்சின் ஆயிலைக் குளிர்விக்கும் ஆயில் கூலரைத் தண்ணீர் ஏற்றிச் சோதிக்கும் கை பம்ப் விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். வருடக்கணக்காக அதை வைத்திருப்பவன் என்பதால் முதலில் எரிச்சலைச் சொல்லிவிடுகிறேன்.

10 பார் அழுத்தம் ஏற்றிக் கையை எடுத்தால் கேஜின் (அழுத்தம் காட்டும் மானியின்) முள் மெதுவாக இறங்க ஆரம்பிக்கும். கூலர் கசிகிறதா, பம்பே கசிகிறதா? இணைப்புகளையெல்லாம் துடைத்துவிட்டுக் காகிதம் ஒற்றிப் பார்த்தால் ஒரு பொட்டு ஈரம் இருக்காது. தண்ணீர் பம்பின் வால்வு வழியாகப் பம்பின் தொட்டிக்கே திரும்பிக்கொண்டிருக்கும். வால்வுக் குண்டின் அடியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசி போதும். கழுவி மாட்டினால் சரியாகும், அப்புறம் மறுபடி அதே கதை. கூலர் பக்கம் தனியாக ஒரு கேஜும், அதற்கு முன்னால் வழியை இறுக்கி அடைக்க ஒரு நீடில் வால்வும் நானே போட்ட பிறகுதான் நிம்மதி. பம்போடு வந்த கேஜ் 60 பார் அளவு, துல்லியம் முழு அளவில் 2.5 சதவீதம். அதாவது எந்த இடத்திலும் 1.5 பார் வரை பிசகலாம். சூடான எஞ்சினில் ஆயில் அழுத்தமே பெரும்பாலும் 4, 5 பார்தான்!

ஆனால் பழைய கூலர்களை வேண்டுமென்றே உடைத்துப் பார்க்க இதைவிட நல்ல கருவி எனக்குக் கிடைக்கவில்லை. நடுவில் இருக்கும் மெல்லிய தகடுகள்தான் முதலில் போகும் என்று நினைப்போம். போவது பெரும்பாலும் மூலை: தகடும் ஓரத் தொட்டியும் சேரும் பிரேசிங், அதாவது உலோகம் உருக்கி ஒட்டிய இணைப்பு. ஓரத் தகடு லேசாக உப்பும், நெம்புகோல் திடீரென்று இலகுவாகும், ஊசிமுனை அளவு நீர்க்கம்பி பீய்ச்சும். கூலருக்கு ஆயில் கொண்டுபோகும் ஹோஸும் நடுவில் கிழிவது அபூர்வம். முனையில் அதை நெரித்துப் பிடிக்கும் கிரிம்ப் வளையத்திலிருந்து நழுவும். வளையத்தின் விளிம்பை ஒட்டி ஹோஸில் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டு வையுங்கள். கோட்டுக்கும் வளையத்துக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால் அந்த ஹோஸின் கதை முடிந்தது.

காற்றை வைத்து இந்த விளையாட்டு கூடவே கூடாது. தண்ணீர் என்றால் விரிசல் விட்டதும் அழுத்தம் சட்டென்று விழுந்துவிடும். அழுத்திய காற்று துண்டுகளை வீசியெறியும். உள்ளே காற்று மிச்சமிருந்தால் நெம்புகோல் மெத்தென்று இருக்கும். கூலரின் இரண்டு வாயையும் மேலே பார்க்க வைத்து அதை வெளியேற்றிவிட வேண்டும்.

நின்றபடி 20 பார் தாங்கிய கூலர் வண்டியில் அதிர்வுக்கும், குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது திரும்பத் திரும்ப வரும் அழுத்த ஏற்றத்துக்கும் தாங்குமா என்பதை இந்தப் பம்ப் சொல்லாது. அது பம்பின் குற்றமில்லை. வால்வு அதன் குற்றம்தான்.

இறங்கிய விலைக்கும் வாங்க வேண்டாம் என்பதே என் பதில். என்னுடையது கெட்டுப்போனால் நான் இதையேதான் திரும்ப வாங்குவேன், அது வேறு விஷயம்.