உதட்டு நீர்க்கட்டிக்கு நூல் தையல்: எங்கே பலிக்கும், எங்கே பலிக்காது

குழந்தையின் கீழ் உதட்டு உட்புறத்தில் நீலம் பாய்ந்த, மெத்தென்ற கொப்புளம். உடைந்து வற்றும், சில நாளில் மறுபடி வீங்கும். பெரும்பாலும் இது மியூக்கோசீல். உதட்டைக் கடித்ததில் சிறு எச்சில் சுரப்பியின் குழாய் கிழிந்து, எச்சில் சதைக்குள் கசிந்து தேங்கியிருக்கிறது. ஊசியால் உறிஞ்சி எடுப்பது வீண். கிழிசல் அப்படியே இருப்பதால் திரும்ப நிரம்பிவிடும். கட்டியையும் ஒட்டிய சுரப்பிகளையும் வெட்டி எடுப்பது பழகிய வழி. அதற்கு மரப்பு ஊசியும் வேண்டும், குழந்தை அசையாமலும் இருக்க வேண்டும். லேசரில் ரத்தம் குறைவே தவிர, இந்த இரண்டும் அதிலும் உண்டு.

மைக்ரோமார்சுபியலைசேஷன் எனப்படும் நூல் தையல் முறையில் கத்தியே இல்லை. மேலே பூசும் மரப்பு மருந்தை மூன்று நிமிடம் வைத்துவிட்டு, 4-0 என்ற அளவுள்ள மெல்லிய பட்டு நூலைக் கட்டியின் மிக அகன்ற இடத்தில், அடிச்சதையில் படாமல் நுழைத்து மறுபக்கம் எடுத்து முடிச்சிடுகிறார்கள். முடிச்சுக்குக் கீழே சிறு இடைவெளி கட்டாயம் வேண்டும். இறுக்கிக் கட்டினால் நூல் மேல்தோலை அறுத்துக்கொண்டு விழுந்துவிடும். பிறகு மெல்ல அழுத்த, கொழகொழவென்று எச்சில் வடியும். நாளடைவில் நூலைச் சுற்றி மேல்தோல் வளர்ந்து, எச்சிலுக்குப் புது வடிகால் அமைகிறது.

முன்பெல்லாம் ஒரே தையல். 7 முதல் 10 நாளில் நூலை எடுத்துவிடுவார்கள். 2007-இல் வந்த மாற்றம், நெருக்கமாகப் பல தையல்கள் போட்டு 30 நாள் வரை விட்டுவைக்கச் சொன்னது. இதுவே மேல். வடிகாலின் உட்சுவரில் தோல் மூடும் முன் நூலை எடுத்தால் வழி அடைபடும், கட்டி திரும்பும். ஆனால் ஒரு மாதம் நாக்கால் நெருடாமல் இருக்கும் குழந்தை எங்கே இருக்கிறது? நூல் விழுந்தால் உடனே மறுபடி போட வேண்டும் என்பதைப் பெற்றோரிடம் முதல் நாளே சொல்லாத மருத்துவர் பாதி வேலைதான் செய்திருக்கிறார். உதடு கடிக்கும் பழக்கம் நிற்காவிட்டால் எந்தச் சிகிச்சையும் நிலைக்காது.

பெரிய குறை, ஆய்வகத்துக்கு அனுப்பச் சதைத் துண்டு கிடைக்காது. அதனால் நோய் இன்னதென்று தெளிவாகத் தெரிந்த இடத்தில் மட்டுமே இந்த நூல் முறையைக் கையாளலாம். மேல் உதடு, அண்ணம், கடைவாய்ப் பல்லின் பின்புறம் ஆகிய இடங்களில் இருப்பதைச் சாதாரண நீர்க்கட்டி என்று எண்ணிவிடக் கூடாது. எச்சில் சுரப்பியில் தோன்றும் மியூக்கோஎபிடெர்மாய்டு புற்றுநோயும் இதே உருவில் வரும். கண்ணாடித் தகட்டால் அழுத்தும்போது நிறம் வெளுத்தால் ரத்தக்குழாய்க் கட்டியாக இருக்கலாம், ஊசி குத்தவே கூடாது. பலமுறை உடைந்து தழும்பேறி இறுகிப்போன கட்டியில் வடிவதற்கு அதிகம் இருக்காது, அதை வெட்டி எடுப்பதே சரி.

நாக்கடியில் வரும் எச்சில் நீர்க்கட்டியான ரானுலாவுக்கு இந்த முறை இன்னும் மதிப்புள்ளது. அங்கே மாற்று வழி, பொது மயக்கத்தில் நாக்கடிச் சுரப்பியையே அகற்றுவது. நாக்கு நரம்புக்கும், தாடைக்கீழ்ச் சுரப்பியின் எச்சிலை வாய்க்குக் கொண்டுவரும் வார்ட்டன் குழாய்க்கும் காயம் படக்கூடிய அறுவை அது. எனவே முதலில் நூலைப் போட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை. கட்டி கழுத்துக்குள் இறங்கியிருந்தால் மட்டும் இதில் நாள் கடத்தக் கூடாது, சுரப்பியை எடுத்தாக வேண்டும். கைக்குழந்தையின் சிறு ரானுலா, பால் குடிக்கவோ மூச்சு விடவோ தடையில்லை என்றால், சில மாதம் பொறுத்துப் பார்க்கலாம், தானாகவே வற்றுவதுண்டு.

நூல் எடுத்தபின் கட்டி திரும்பினால் இன்னொரு முறை போடலாம். அதற்கும் மசியாவிட்டால் வெட்டி எடுத்து, எடுத்த சதையைத் தவறாமல் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்.