காப்புரிமையா, ரகசியமா, உரிமமா? ஒரு அம்பத்தூர்ப் பட்டறையின் கணக்கு

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் எனக்குப் பழக்கமான சிறு பட்டறை ஒன்று. உலைக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு நோட்டுப் புத்தகம் தொங்குகிறது. எந்த எஃகை எவ்வளவு சூட்டில் எத்தனை நிமிடம் வைப்பது, எதில் குளிர்விப்பது என்று மேஸ்திரி பென்சிலால் குறித்து வைத்திருக்கிறார். பல ஆண்டு தவறுகளிலிருந்து பொறுக்கிய எண்கள். அதே பட்டறை, கடைசல் வேலைக்குப் புதுவிதக் கவ்வி ஒன்றையும் வடிவமைத்திருக்கிறது. இன்னும் வெளியே காட்டவில்லை. இரண்டும் அறிவுசார் சொத்துதான். காக்கும் வழி மட்டும் வேறு வேறு.

கவ்வியை வாங்குபவர் ஸ்பேனரால் கழற்றி ஒரே நாளில் அளவெடுத்துவிடுவார். அதை ரகசியமாக வைக்க முடியாது, காப்புரிமைதான் (பேட்டன்ட்) வழி. சிறு நிறுவனம் இணையவழி விண்ணப்பிக்க அடிப்படைக் கட்டணம் 1,600 ரூபாய். முகவர் கட்டணமும் ஆண்டுப் புதுப்பிப்பும்தான் கையைக் கடிக்கும். விற்பனைக்கு வைப்பதற்கு முன்பே சென்னை கிண்டியில் உள்ள காப்புரிமை அலுவலகத்தில் தற்காலிக விண்ணப்பம் போட்டுவிட வேண்டும்; முழு விவரத்தைத் தர 12 மாதம் கிடைக்கும். காப்புரிமை கிடைத்தால் விண்ணப்ப நாளிலிருந்து 20 ஆண்டுகள்.

நோட்டுப் புத்தகத்துக்கு இதே வழி சரிவராது. காப்புரிமை விண்ணப்பம் பொதுவாக 18 மாதத்தில் எல்லோரும் படிக்கும்படி வெளியாகிவிடும். போட்டியாளர் தன் உலைக்குள் அதே சூட்டை வைத்தால் நமக்கு எப்படித் தெரியும்? எனவே ரகசியம். செலவில்லை, கால வரம்பும் இல்லை. ஆனால் வணிக ரகசியத்துக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை. ஒப்பந்தமும் நம்பிக்கை மீறல் வழக்கும்தான் துணை. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு இருப்பதால், விலகிய தொழிலாளி போட்டி நிறுவனத்தில் சேர்வதைத் தடுக்க முடியாது. ரகசியத்தைச் சொல்லக் கூடாது என்று எழுதி வாங்கலாம். அதற்கும் நாம் ரகசியமாக நடத்தியிருக்க வேண்டும். ஆணியில் தொங்கவிட்டதை நீதிமன்றத்தில் எப்படி ரகசியம் என்போம்?

மூன்றாவது, இன்னொருவர் செய்து விற்க உரிமம் கொடுத்து, அதற்கு ராயல்டி என்ற பங்குத் தொகை வாங்குவது. இதைத் தொழில்நுட்பத் திட்டத்தோடு சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அடுத்த மூன்று ஆண்டில் புது எந்திரம் வாங்கப் பணம் இருந்தால் கவ்வியை நாமே செய்யலாம். இல்லையென்றால், நாம் எட்ட முடியாத ஊர்களுக்கு மட்டும் இன்னொருவருக்கு உரிமம் தருவதே நல்லது. எழுத்தில் இருக்க வேண்டும், காப்புரிமை அலுவலகத்தில் பதிய வேண்டும், ஆண்டுக்குக் குறைந்தபட்சத் தொகையும் வைக்க வேண்டும்.

வழக்கை நம்பித் திட்டம் போடாதீர்கள். இரட்டை ஸ்பார்க் பிளக் எஞ்சின் பற்றி பஜாஜும் டிவிஎஸ்ஸும் சென்னை உயர் நீதிமன்றத்தில் 2007இல் தொடங்கிய சண்டை, 2009இல் உச்ச நீதிமன்றம்வரை போய், 2019இல்தான் சமரசத்தில் முடிந்தது. அவர்களால் தாங்க முடிந்தது.

நான் வேலை பார்த்த இடத்தில் நடந்தது இது. ஒரு பெரிய வாடிக்கையாளரின் கொள்முதல் ஆணையின் பின்பக்கத்தில், வரைபடமும் மேம்பாடுகளும் வாங்குபவருக்கே சொந்தம் என்று பொடி எழுத்தில் இருந்தது. படிக்காமல் கையெழுத்திட்டோம். நாங்கள் யோசித்துச் செய்த மாற்றம், மறு ஆண்டு மலிவான பட்டறைக்குப் போய்விட்டது.

அம்பத்தூர் நண்பர்களுக்கு நான் சொன்னது: முதலில் ஆணைகளின் பின்பக்கத்தைப் படியுங்கள். கவ்வியோடு கிண்டிக்குப் போங்கள். மேஸ்திரியிடம் கலந்து பேசி, அவருக்கு உரிய ஊக்கத்தொகையும் எழுதிக் கொடுத்த பிறகு, நோட்டுப் புத்தகத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள்.