10 நிமிடத்தில் நாயை அடக்கிக் காட்டினார்கள்: ஹெட் காலர் தொகுப்பு வாங்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

இதை எழுதும்போது என் நாய் சிட்டு மேசைக்கு அடியில் சுவரோடு ஒட்டிப் படுத்திருக்கிறாள். இடது கண் பாதி மூடியிருக்கிறது. மூக்குத் தண்டின் மேல் ஒரு விரல் அகலத்துக்கு முடி உதிர்ந்து தோல் சிவந்து தெரிகிறது. என் பையின் பிளாஸ்டிக் கொக்கி ‘கிளிக்’ என்று சத்தம் போட்டால் போதும், எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுகிறாள். இப்படி ஆக்குவதற்கு நான் கட்டிய தொகை என் மாதச் சம்பளத்தில் பாதி. அது திரும்பி வராது என்பது இன்று காலைதான் உறுதியானது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. நாய்களுக்கான பொருளையும் பயிற்சியையும் ஒன்றாகச் சேர்த்து விற்கும் ஓர் இணையதளம். பணம் கட்டிப் பதிவு செய்தால் முதலில் பெட்டியில் பொருள் வரும், இரண்டு நாளில் பயிற்சியாளர் வீட்டுக்கு வருவார். நாயின் தலையில் மாட்டும் பட்டையான ஹெட் காலர் ஒன்று, 5 வகுப்புகள், ‘பலன் உறுதி’ என்று பெரிய எழுத்தில் ஒரு வாக்குறுதி. முழுத் தொகையும் முன்பணம்.

ஏன் கட்டினேன் என்று கேட்பீர்கள். சிட்டுவுக்கு 2 வயது, 28 கிலோ. யாரையும் கடித்ததில்லை, உறுமியதுகூட இல்லை. ஆனால் தெருவில் இன்னொரு நாயைக் கண்டால், சைக்கிளைக் கண்டால், தெரிந்த மனிதரைக் கண்டால் சந்தோஷம் தாங்காமல் பாய்ந்துவிடுவாள். போன மாதம் அப்பா கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நடந்தபோது ஒரே இழுப்பில் அவரைக் கீழே தள்ளிவிட்டாள். மணிக்கட்டு எலும்பில் விரிசல். நாயை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்தது. மாவுக்கட்டுப் போட்ட கையோடு அப்பாதான் சொன்னார், “கொடுக்க வேண்டாம்மா, அதற்கு ஏதாவது ஒரு வழி பார்.” அந்த வழியைத் தேடித்தான் இவர்களிடம் போய்ச் சேர்ந்தேன்.

ஹெட் காலர் என்ற பொருளின் மேல் எனக்குக் கோபம் இல்லை, இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். காதுகளுக்குப் பின்னால் பிடரியின் உச்சியில் ஒரு பட்டை, மூக்குத் தண்டைச் சுற்றி ஒரு வளையம், பெரும்பாலான வகைகளில் தாடைக்கு அடியில் கயிறு மாட்டும் சிறு வளையம், அவ்வளவுதான். முரட்டுக் குதிரையைத் தலைக்கயிற்றால் திருப்பி நடத்துவதைப் போல, நாயின் தலை திரும்பினால் உடலும் கூடவே திரும்பும் என்ற எளிய கணக்கு. கழுத்துப் பட்டையில் இழுத்தால் நாய் நெஞ்சின் முழு பலத்தையும் போட்டு எதிர் இழுக்கும். தலையில் அது முடியாது. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கால்நடை மருத்துவர் ராபர்ட் ஆண்டர்சனும் நாய்ப் பயிற்சியாளர் ரூத் ஃபாஸ்டரும் 1980களில் இந்த வகைப் பட்டை ஒன்றை உருவாக்கியதே, மூச்சுக்குழலை நெரிக்கும் சங்கிலிகளுக்கு மாற்றாக மென்மையான ஒன்று வேண்டும் என்றுதான். வாய்ப்பூட்டைப் போல இது வாயை அடைப்பதில்லை. சரியாக மாட்டினால் நாய் தின்னலாம், தண்ணீர் குடிக்கலாம், குரைக்கலாம், நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கலாம். இவ்வளவையும் இப்போது சொல்கிறேன். அன்று இதில் ஒரு வரிகூட எனக்குத் தெரியாது. தெரியாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

வந்த பயிற்சியாளர் நல்ல மனிதராகத் தெரிந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, நேராகத் தரையில் உட்கார்ந்தார். சிட்டு அவர்மேல் தாவி முகமெல்லாம் நக்கினாள். அவர் அவளுடைய நெஞ்சைத் தடவிக்கொடுத்தபடி என்னைப் பார்த்துச் சொன்னார்: “மேடம், இவள் கெட்ட நாய் இல்லை. இவளுக்குப் புரிகிற மொழியில் இதுவரை யாரும் பேசவில்லை.” அந்த ஒரு வாக்கியத்தில் நான் கரைந்துபோனேன். ஒரு மாதமாக அவள் கெட்டவள், அடங்காதவள் என்று கேட்டுக் கேட்டு நொந்திருந்த எனக்கு, அவள் பக்கம் நின்று பேசிய முதல் ஆள் அவர்தான். அப்பாவிடமும் போய்க் கையைப் பற்றி, “ஐயா, இன்னும் இரண்டே வாரத்தில் நீங்கள் ஒற்றைக் கையால் இவளைக் கூட்டிக்கொண்டு போவீர்கள்” என்றார். அப்பா சிரித்தார். கட்டுப் போட்ட பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

பிறகு ஹெட் காலரை எடுத்து நேராக மாட்டினார். மோந்து பார்க்க விடவில்லை, தின்பண்டம் எதுவும் காட்டவில்லை. மூக்கு வளையத்தை இறுக்கிவிட்டு வெளியே அழைத்துப் போனார். சிட்டு பாய்ந்தாள், அவர் சுண்டி இழுத்தார். அவளுடைய தலை பக்கவாட்டில் வெட்டித் திரும்பியது. மறுபடியும் பாய்ந்தாள், மறுபடியும் சுண்டினார். தரையில் மூக்கைத் தேய்த்தாள், முன்னங்கால்களால் முகத்தைப் பிராண்டினாள். “பழகாததால் இப்படிச் செய்கிறாள், கண்டுகொள்ளாதீர்கள்” என்றார். 10 நிமிடம் இருக்கும். அதற்குப் பிறகு அவள் பாயவில்லை. அவர் நடந்தால் நடந்தாள், நின்றால் நின்றாள். எதிரே ஒரு நாய் போயிற்று, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கைப்பேசியில் அதை முழுக்கப் படம் பிடித்து உறவினர்களுக்கெல்லாம் அனுப்பினேன். அவர் புறப்படும்போது, “இப்போதே ஒரு மதிப்புரை போட்டுவிடுங்கள் மேடம், அந்தப் படத்தையும் சேர்த்துப் போடுங்கள்” என்றார். போட்டேன். ஐந்து நட்சத்திரம்.

அந்தப் படத்தை நேற்றிரவு மறுபடியும் போட்டுப் பார்த்தேன். வால் வயிற்றோடு ஒட்டி மடிந்திருக்கிறது. உதட்டை ஓயாமல் நக்குகிறாள். கண்ணின் வெள்ளை தெரிய ஓரப்பார்வை பார்க்கிறாள். இரண்டு முறை கொட்டாவி விடுகிறாள். காதுகள் தலையோடு படிந்திருக்கின்றன. எதையும் கற்றுக்கொண்ட நாயின் முகம் அதில் இல்லை. பயத்தில் உறைந்துபோய், எது செய்தாலும் வலிக்கிறது என்று செய்வதையே நிறுத்திவிட்ட நாய் அது. அதைப் பார்த்துத்தான் நான் ஆனந்தக் கண்ணீர் விட்டேன்.

இரண்டாவது வகுப்பில் வேறொருவர் வந்தார், 20 நிமிடத்தில் புறப்பட்டுவிட்டார். போகும்போது ஒரு யோசனை சொன்னார்: “தினமும் மாட்டியே வைத்திருங்கள், வீட்டுக்குள்ளும் கழற்ற வேண்டாம், தானாகப் பழகிவிடும். வெளியே போகும்போது அந்தச் சுருள் கயிற்றை மாட்டுங்கள், அவளுக்குக் கொஞ்சம் சுதந்திரம் கிடைக்கும்.” இழுக்க இழுக்க நீண்டுகொண்டே போய், கடைசியில் சட்டென்று பிடித்துக்கொள்ளும் கயிறு அது. மூன்றாவது வகுப்புக்கு யாருமே வரவில்லை.

12 நாட்கள் அவர்கள் சொன்னபடியே செய்தேன். எட்டாவது நாள் மூக்கின் மேல் முடி உதிரத் தொடங்கியது. பத்தாவது நாள் ஒரு பூனையைப் பார்த்து முழு வேகத்தில் ஓடினாள். கயிறு முடியும் இடத்தில் அவளுடைய தலை மட்டும் பின்னால் திரும்பி, உடல் காற்றில் சுழன்று விழுந்தது. அந்தக் கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது. மறுநாள் காலை தலையைக் குனிய முடியாமல் கிண்ணத்துக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தாள். கிண்ணத்தை முக்காலியின் மேல் வைத்த பிறகுதான் சாப்பிட்டாள். அதற்கும் அடுத்த நாள் இடது கண் திறக்கவில்லை.

கால்நடை மருத்துவர் கண்ணில் ஒரு சாயத்தை இட்டு நீல விளக்கை அடித்தார். கருவிழியின் ஓரத்தில் ஒரு கோடு பச்சையாக ஒளிர்ந்தது. அது கீறல். மூக்கு வளையம் நழுவி மேலேறிக் கண்ணின் மூலையை உரசியிருக்கிறது, அந்த உறுத்தல் தாங்காமல் அவளே நகத்தால் பிராண்டியும் இருக்கிறாள். கழுத்தின் தசைகள் இறுகியிருக்கின்றன. நல்லவேளையாக எலும்புக்கு ஒன்றுமில்லை. நான் கையில் கொண்டுபோயிருந்த ஹெட் காலரை வாங்கிப் பார்த்தவர், மாட்டியிருந்த அளவிலேயே தன் விரலை நுழைத்துக் காட்டினார். பிடரிப் பட்டையில் மூன்று விரல் போயிற்று. மூக்கு வளையத்தில் விரல் நுனிகூடப் போகவில்லை.

“பிடரியில் ஒரு விரல் மட்டும் நுழையும் அளவுக்குப் பிடிப்பாக இருக்க வேண்டும். மூக்கில் தளர்வாக, வாயை முழுக்கத் திறக்கும்படி இருக்க வேண்டும். நேர்மாறாக மாட்டிக் கொடுத்திருக்கிறார்கள்” என்றார். மேல்பட்டை தளர்ந்திருந்ததால் முழுவதும் நகர்ந்து கண்ணுக்கு ஏறியிருக்கிறது. மூக்கு இறுகியிருந்ததால் வாயைத் திறந்து மூச்சு இளைக்கவும் முடியவில்லை. நாய் தன் உடல் சூட்டைத் தணிப்பதே முக்கியமாக அப்படி மூச்சு இளைத்துத்தான். வெயிலில் இன்னும் கொஞ்ச தூரம் ஓட விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் சொன்னபோது நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். இன்னொன்றும் கேட்டார்: “இதைச் சாதாரணக் கழுத்துப் பட்டையோடு இணைக்கும் பாதுகாப்பு வார் எங்கே?” அப்படி ஒன்று உண்டு என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். நாய் மூக்கை உருவிக்கொண்டாலும் ஓடிவிடாமல் பிடிக்கும் வார் அது. எனக்கு வந்த பெட்டியில் அது இல்லவே இல்லை.

அன்று மாலையே பயிற்சியாளரை அழைத்தேன். முதல் வகுப்பில் தேனாகப் பேசிய அதே குரல், “நீங்கள் அளவை மாற்றியிருப்பீர்கள் மேடம்” என்றது. நான் தொடவே இல்லை என்றேன். “அப்படியானால் உங்கள் நாய் மிகவும் பிடிவாதம், கூடுதலாக 5 வகுப்புகள் எடுத்தால் சரியாகும்” என்றார். அதற்குப் பிறகு என் அழைப்பை அவர் எடுக்கவில்லை.

நிறுவனத்துக்கு எழுதினேன். ‘உங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது’ என்று ஓர் எண் வந்தது. நான்கு நாள் சத்தமில்லை. மறுபடி எழுதினேன், புதிதாக இன்னோர் எண். தொலைபேசியில் ஒவ்வொரு முறையும் வேறொருவர் வந்தார், ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து கதை சொன்னேன். ஒருவர் பயன்படுத்திய பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்றார். ஒருவர் பயிற்சியாளர் எங்கள் ஊழியர் இல்லை, அவரோடு நீங்களே பேசிக்கொள்ளுங்கள் என்றார். பணத்தை வாங்கியது யார் என்று கேட்டேன், இணைப்பு துண்டிக்கப்பட்டது. நடக்காத மூன்று வகுப்புகளின் பணத்தையாவது கொடுங்கள் என்று கேட்டதற்கு, பதிவு செய்த 10 நாட்களுக்குள் கேட்டிருக்க வேண்டும் என்று பதில். ‘பலன் உறுதி’ என்றால் என்ன பொருள் என்று கேட்டேன். நாய் இழுப்பதை நிறுத்தியதற்கு நானே போட்ட படம் ஆதாரமாக இருக்கிறதாம்! என் மதிப்புரையைத் திருத்தி நடந்ததை எழுதினேன், ஒரு மணி நேரத்தில் அதை நீக்கிவிட்டார்கள். அந்தப் படம் மட்டும் இன்றுவரை அவர்கள் பக்கத்தில் ‘மகிழ்ச்சியான வாடிக்கையாளர்’ என்ற தலைப்போடு ஓடிக்கொண்டிருக்கிறது. நீக்கச் சொல்லி மூன்று முறை எழுதிவிட்டேன்.

இன்று காலை வந்தது கடைசிப் பதில். புகார் முடித்துவைக்கப்பட்டது, வருத்தம் தெரிவிக்கும் வகையில் அடுத்த முறை வாங்கும்போது சிறு தள்ளுபடி தருகிறோம். அரை மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு, என் நாயின் கண்ணைப் புண்ணாக்கிவிட்டு, இன்னும் வாங்கு என்கிறார்கள். நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்பார்களே, என் சிட்டுவின் விஷயத்தில் அது சொல்லளவில் நிற்கவில்லை.

விரிவாக எழுதுகிறேன் என்று மேலே சொன்னேன். இப்போது கை நடுங்குகிறது, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன்.

முதல் நாளே மாட்டி நடத்திக் காட்டுகிறேன் என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். வளையத்தின் வழியாகத் தின்பண்டத்தைக் காட்டி, நாய் தானாக மூக்கை நுழைக்கும் வரை காத்திருந்து, சில நொடி, சில நிமிடம் என்று பழக்கவே பல நாள் ஆகும். சில நாய்களுக்கு இரண்டு வாரமும் ஆகும் என்று மருத்துவர் சொன்னார். சுண்டி இழுக்கவே கூடாது. சுருள் கயிறு, நீளக் கயிறு எதையும் இதில் மாட்டாதீர்கள், இதைப் போட்டுக் கட்டிவைக்காதீர்கள், நடை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். பாதுகாப்பு வார் இல்லாத பெட்டியை அப்படியே திருப்பி அனுப்புங்கள். பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு இது பொருந்தாது. கழுத்து வலியோ கண் நோயோ உள்ள நாய்க்கு மருத்துவரைக் கேட்காமல் போடாதீர்கள். நெஞ்சுப் பக்கம் கயிறு மாட்டும் உடல் பட்டையைத்தான் சிட்டுவுக்கு இனி மருத்துவர் சொல்லியிருக்கிறார், அதுவும் கழுத்து சரியான பிறகு. பணத்தை ஒவ்வொரு வகுப்பும் முடிந்த பிறகு கொடுங்கள். மதிப்புரையை ஒரு மாதம் கழித்துப் போடுங்கள்.

இதே போன்ற தொகுப்பில் ஏமாந்தவர்கள் இருந்தால் ரசீதையும் கருவியின் படத்தையும் பத்திரமாக வைத்திருங்கள். நுகர்வோர் புகார் கொடுக்கப் போகிறேன், சேர்ந்து கொடுக்கலாம். சிட்டுவுக்குச் சொட்டு மருந்து போடும் நேரம் ஆகிவிட்டது. அப்பா ஒற்றைக் கையால் அவளுடைய தலையைப் பிடித்துக்கொள்ள, நான்தான் போட வேண்டும்.