விதானமா, கதவா, திரையா: மேடையில் இருப்பவர் காதுக்கு எது?

கர்நாடகக் கச்சேரியில் தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் சூடுபிடித்த பிறகு மிருதங்கத்திலிருந்து நொடிக்கு எட்டுச் சொற்கள், அதாவது தட்டுகள், விழுவது சாதாரணம். எதிர்முழக்கம் 2 நொடி உள்ள அரங்கில், அதாவது ஒலி 60 டெசிபல் தேய்ந்து அடங்க 2 நொடி பிடிக்கும் இடத்தில், ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே முந்தைய சொல்லின் முழக்கம் 4 டெசிபல்கூடக் குறைந்திருக்காது. அடுத்த சொல் அதன் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். கணக்காகக் கோத்த தாளக் கோர்வை காற்றில் கரைந்துவிடும். ஏறக்குறைய அதே 2 நொடிதான் வியன்னாவின் மூசிக்ஃபெரைன் அரங்கில் பிராம்ஸ் என்ற இசையமைப்பாளரின் சிம்பொனிக்கு மெருகேற்றுகிறது.

இரண்டையும் ஒரே கூரையின் கீழ் வைத்துக்கொள்ள விரும்பினால் அரங்குதான் மாறிக்கொடுக்க வேண்டும். 2002இல் திறந்த சிங்கப்பூர் எஸ்பிளனேட் கலை வளாகத்தின் இசையரங்கு இதற்கு நல்ல உதாரணம். அமெரிக்க ஒலியியல் வல்லுநர் ரஸ்ஸல் ஜான்சனின் கைவண்ணம். மேடைக்கு மேலே ஏறி இறங்கும் விதானம், சுவருக்குப் பின்னால் கான்கிரீட் முழக்க அறைகள், சுவரை மூடும் திரைகள் என்று மூன்றும் அங்கே உண்டு. மேற்கத்திய இசைக்குழுக்கள் வாசிக்கும் அந்த வளாகத்தில்தான் ஆண்டுதோறும் கலா உத்சவம் என்ற இந்தியக் கலை விழாவும் நடக்கிறது.

பத்திரிகைகளில் படம் போடுவது அந்த அறைகளின் கதவுகளைத்தான். டாலஸ் மேயர்சன் அரங்கு (1989), பர்மிங்காம் சிம்பொனி ஹால் (1991), லூசெர்ன் (1998) என்று ஜான்சன் போன இடமெல்லாம் இந்தக் கதவுகளும் போயின. டாலஸில் எழுபதுக்கும் மேல். ஒவ்வொன்றும் டன் கணக்கில் கனம். கதவைத் திறந்தால் ஒலியில் ஒரு பகுதி உள்ளே புகுந்து, சுற்றித் திரிந்து, மெதுவாக வெளியே கசியும். அதனால் முழக்கம் முதலில் விரைவாகத் தேய்ந்து, பிறகு மெல்லிய வால் ஒன்று நீண்டு நிற்கும். ஆனால் அந்த வால் கேட்பது எப்போது? மொத்தக் குழுவும் ஓங்கி வாசித்துச் சட்டென்று நிறுத்தும்போதுதான். வாசிப்பு தொடரும்போது அடுத்த சுரம் அதை மூடிவிடும். பால்கனியில் இருப்பவருக்கு மெய்சிலிர்க்கும். மேடையில் வில்லை இழுத்துக்கொண்டிருப்பவருக்கு அதனால் பெரிய லாபமில்லை.

அவருக்கு வேண்டியது விதானம். பெரிய இசைக்குழுவில் முதல் வயலினுக்கும் பின்வரிசையில் இருக்கும் டிம்பனி என்ற பெரிய முரசுக்கும் 12 மீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். டிம்பனியின் அடி வயலின்காரரை எட்டவே 35 மில்லிநொடி ஆகிறது. வழியில் உட்கார்ந்திருக்கும் உடம்புகளும் வாத்தியங்களும் அதில் பாதியைத் தின்றுவிடும். விதானம் தலைக்கு மேலே 7 மீட்டரில் இருந்தால், அந்த அடி மேலே பட்டு, நடுவில் இருப்பவர்களைத் தாண்டி, நேர்வழி ஒலிக்கு ஏறத்தாழ 20 மில்லிநொடி பின்னால் வந்து சேரும். காது இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும், தாளம் கெட்டிப்படும். அதையே மிக உயரத்துக்கு ஏற்றிவிட்டால் திரும்பி வரும் ஒலி பலவீனமாகவும் தாமதமாகவும் வரும். வாசிப்பவர் காதை விட்டுவிட்டு நடத்துனரின் கோலை மட்டும் நம்ப வேண்டியதுதான். அதற்காக ஒரேயடியாக இறக்கிவிடவும் கூடாது. பித்தளைக் குழல்கள் மற்றவர்களை அமுக்கிவிடும், தன் வாத்தியம் தனக்கே கேட்காது. ஒன்றிரண்டு மீட்டருக்காக ஒத்திகையில் வாக்குவாதம் நடப்பது வீண் பிடிவாதமல்ல.

திரை ஏழைப் பிள்ளை. யாரும் அதைப் படமெடுப்பதில்லை. ஒத்திகையில் அதன் அருமை தெரியும்: காலி அரங்கு முழங்கும், மாலையில் ஆயிரம் பேர் வந்து உட்கார்ந்ததும் அடங்கிவிடும். திரையை இறக்கி வைத்தால் வராத கூட்டத்துக்கு அது ஈடு செய்கிறது. துணி மட்டும் தடித்திருக்க வேண்டும், பின்னால் காற்றுக்கு இடமும் வேண்டும். மெல்லிய துணி மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையின் நறுக்கை விழுங்கிவிட்டு, இடப்பக்கமான தொப்பியின் கும்மென்ற ஒலியை மட்டும் மிச்சம் வைக்கும். அது இருந்ததைவிட மோசம்.

நான்காவது வழி மின்னணு. லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹால் 1951இல் திறந்தபோது முழக்கம் போதவில்லை என்ற குறை எழுந்தது. 1964 முதல் கூரையில் மைக்குகளையும் ஒலிபெருக்கிகளையும் ஒளித்துவைத்து முழக்கத்தை நீட்டினார்கள். முதலில் அதை வெளியே சொல்லவே இல்லை! 172 தடங்கள் வரை வளர்ந்த அந்த ஏற்பாடு 1998 வரை ஓடியது. இன்று அமெரிக்காவின் பெர்க்லியில் உள்ள ஸெல்லர்பாக் ஹால் போன்ற இடங்களில் பொத்தானை அழுத்தினால் அறை மாறுகிறது. கான்கிரீட்டோடு ஒப்பிட்டால் செலவும் குறைவு, மாற்றமும் உடனடி. அளவு மீறினால் ஒலியில் உலோக நெடி அடிக்கும் என்பது உண்மை. ஆனால் மைக்கும், வாசிப்பவர் பக்கம் திரும்பிய மானிட்டர் ஒலிபெருக்கியும் இல்லாமல் கச்சேரிக்கு உட்காராத நாம் இதைப் பார்த்து முகம் சுளிப்பது வேடிக்கை.

சிம்பொனிக்காரர் இடத்தில் நான் இருந்தால் விதானத்துக்குத்தான் ஓட்டு. கர்நாடக சங்கீதத்துக்கு வரிசை தலைகீழ். பாடகர், வயலின், மிருதங்கம், கடம் எல்லாரும் கைக்கெட்டும் தூரத்தில் உட்காருகிறார்கள். ஒருவரை ஒருவர் கேட்க மேலே பலகை வேண்டியதில்லை. இங்கே எதிரி நீண்ட முழக்கம். அது 1.2 நொடிக்கு இறங்கினாலே, மேலே சொன்ன இடைவெளியில் ஒலி 6 டெசிபல் தேய்ந்து சொற்கள் பிரிந்து கேட்கும். எனவே கதவுகளை மூடச் சொல்லுங்கள், திரைகளை முழுக்க இறக்கச் சொல்லுங்கள், மானிட்டரைப் பாதியாகக் குறைத்து மூன்று முறை திரும்பி வந்து முடியும் மோரா ஒன்றை வாசித்துப் பாருங்கள். இப்படிச் சொல்லாமல் விட்டால், முந்தின நாள் சிம்பொனிக்கு வைத்த நிலையிலேயே அரங்கு கிடக்கலாம்.