டைனமோவுக்கு விடை கொடுத்து ஆறு வருஷம்: என் 76 மாடல் அம்பாசிடர்

மார்க் 3, அப்பா வாங்கிய வண்டி. எஞ்சின் ஓடும்போது பாட்டரியைச் சார்ஜ் செய்யும் டைனமோவைக் கழற்றி, அதே வேலையை இன்னும் நன்றாகச் செய்யும் ஆல்டர்னேட்டர் போட்டு இந்த ஆவணியோடு ஆறு வருஷம்.

டைனமோ ஐட்லிங்கில் கிட்டத்தட்ட ஒன்றும் தராது. ராத்திரி ரயில்வே கேட்டில் நின்றால் சிவப்பு சார்ஜ் லைட் மினுக்கும், ஹெட்லைட் மஞ்சளாகும். முழு வேகத்தில் ஓடினாலும் 22 ஆம்பியர்தான். இரண்டு 60 வாட் பல்பே அதில் பத்தைச் சாப்பிட்டுவிடும்.

"ஆர்மேச்சர் இன்னொரு ரீவைண்டிங் தாங்காது சார்" என்றார் எலக்ட்ரீஷியன், டைனமோவுக்குள் சுற்றும் கம்பிச் சுருளைக் காட்டி. மாருதி ஆல்டர்னேட்டர் ஒன்றை பிராக்கெட் அடித்து உட்கார வைத்தோம். பெல்ட் ஓடும் புல்லிகள் ஒரே நேரில் இருக்கின்றனவா என்று நூல் பிடித்துப் பார்த்தார். ஒரு வாஷர் கனம் தள்ளியிருந்தது. அந்த வாஷருக்கு அரை நாள் போனது. டைனமோ சார்ஜைக் கட்டுப்படுத்திய பழைய கட்-அவுட் டப்பாவுக்கு இனி வேலையில்லை, அழகுக்கு விட்டிருக்கிறேன்.

சரி, வெளிச்சம் வந்ததா? அதுதான் இல்லை. பாட்டரியில் மீட்டர் வைத்தால் 14.2 வோல்ட், ஹெட்லைட் பல்பில் 11.6. மிச்சத்தை நாற்பது வருஷ வயரும் தேய்ந்த சுவிட்சும் துருப்பிடித்த எர்த்தும் தின்றிருந்தன. ஹெட்லைட் கரண்ட் பழைய சுவிட்ச் வழியாகப் போகாமல் இருக்க டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என்று ரிலே போட்டு, பாட்டரியிலிருந்து ஃபியூஸோடு தனி வயர் இழுத்து, எஞ்சினுக்கும் பாடிக்கும் புது எர்த் பட்டை கட்டியதும் பல்பில் 13.5 வந்தது. ஆல்டர்னேட்டர் செலவில் கால்வாசிகூட ஆகவில்லை. மறுபடி ஒரு பழைய வண்டி வாங்கினால் இதைத்தான் முதலில் செய்வேன்.

மூன்றாம் வருஷம் ஒரு தொல்லை. ஸ்டார்ட் செய்தால் சார்ஜ் ஏறாது. ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதித்தால் ஏறும். ஆல்டர்னேட்டரைப் பிரித்து கார்பன் பிரஷ்ஷெல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் டாஷ்போர்டு சார்ஜ் லைட் பல்பு ஃபியூஸ்! ஆல்டர்னேட்டர் விழித்துக்கொள்ளத் தேவையான முதல் கரண்ட் அந்தக் குட்டி பல்பு வழியாகத்தான் போகிறது. இப்போது டிக்கியில் இரண்டு பல்பு ஸ்பேர் கிடக்கிறது.

அப்புறம் பாட்டரி. முன்பு இரண்டு வருஷத்தில் படுத்துவிடும். ஆல்டர்னேட்டரோடு போட்டது ஐந்து வருஷம் உழைத்தது.

டைனமோ காலத்து மெக்கானிக்குகளுக்கு ஒரு பழக்கம்: எஞ்சின் ஓடும்போதே பாட்டரி டெர்மினலைக் கழற்றி, சார்ஜ் வருகிறதா என்று பார்ப்பார்கள். ஆல்டர்னேட்டரில் அதைச் செய்தால் உள்ளே ஏசியை டிசியாக்கும் டையோடு போய்விடலாம். போன மாசம்கூட ஒரு பெரியவர் ஸ்பானரோடு குனிந்தார். "அண்ணே, வேண்டாம்ணே" என்று கையைப் பிடித்துக்கொண்டேன்.