துணை சுகாதார நிலையத்தில் தரும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம்: ஒரு மதிப்பீடு

2025 ஆடியில் எங்கள் ஒன்றரை வயது மகனுக்கு வயிற்றாலே போகத் தொடங்கியபோது, பல் முளைக்கிற பிள்ளைக்கு அப்படித்தான் போகும் என்று வீட்டில் இரண்டு நாள்களைக் கடத்திவிட்டோம். பிறகு கோபிசெட்டிபாளையத்தில் ஒரு மருந்துக்கடையில் ஓ.ஆர்.எஸ். (உடம்பு இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் தூள்) கேட்டதற்கு, ஆரஞ்சுச் சுவையுள்ள அட்டைப்பெட்டிப் பானத்தைக் கொடுத்தார்கள். பையன் ஆசையாகக் குடித்தான், போக்கும் கூடியது. (அத்தகைய பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளே இருக்கக் கூடாதென உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது அந்த அக்டோபரில்தான்.)

மறுநாள் துணை சுகாதார நிலையத்தில் இரண்டு பொட்டலங்களும் 14 துத்தநாக மாத்திரைகளும் இலவசமாகக் கிடைத்தன. பொட்டலத்தின் எடை 20.5 கிராம், அதில் குளுக்கோஸ் 13.5, சமையல் உப்பு 2.6, மீதி பொட்டாசியம் குளோரைடும் சிட்ரேட்டும். குளுக்கோஸும் உப்பும் சேர்ந்து குடலிலிருந்து உடம்புக்குள் நுழையும்போது தண்ணீரையும் கூடவே இழுத்துச் செல்கின்றன என்பதும், சர்க்கரை மிகுந்தால் உடம்பிலுள்ள நீர் குடலுக்குத் திரும்பி வந்துவிடும் என்பதும் எனக்கு அன்றுதான் விளங்கின.

தூளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கலக்கும் முறை ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும், அதுவும் பொடி எழுத்தில் அச்சாகியிருந்தது. வீணாகக் கூடாதே என்று என் மாமியார் பாதித் தூளை ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கியிருந்ததை, வீட்டுக்கு வந்த கிராம சுகாதாரச் செவிலியர் பார்த்துவிட்டார்.

“ஏனுங்க நர்ஸம்மா, கெட்டியா இருந்தாச் சத்துத்தானுங்களே?”

“இல்லீங்கம்மா, உப்பு கூடிப்போயிருமுங்க.”

முழுப் பொட்டலத்தையும் ஒரே முறையில் ஒரு லிட்டரில் கரைத்து, 24 மணி நேரத்துக்குப் பிறகு மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும் என்றார். எங்கள் சொம்பைக் கழுத்துவரை நிரப்பி அளந்தபோது முக்கால் லிட்டரைத் தாண்டவில்லை. ஒவ்வொரு முறை போன பிறகும் அரை டம்ளர் அளவு, கரண்டி கரண்டியாக; தாய்ப்பாலையும் குழைந்த பருப்புச் சாதத்தையும் நிறுத்தவே கூடாது; கண் குழிந்தாலோ, குடிக்க முடியாமல் துவண்டாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ உடனே மருத்துவமனைக்கு.

மாத்திரையை ஒரு கரண்டி நீரில் கரைத்துக் கொடுத்தால் இரும்பை நக்கிய சுவை. முதல் நாள் என் சேலையிலேயே துப்பினான். நான்காம் நாள் போக்கு நின்றதும் நிறுத்திவிட நினைத்தேன். அடுத்த இரண்டு மூன்று மாதங்களுக்கு மறுபடி வருவதைக் குறைப்பதற்காகவே 14 நாள்கள் என்று செவிலியர் சொன்னதால் முழுவதும் கொடுத்து முடித்தேன்.

செவிலியர் புறப்படும்போது, ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் ஆற்றுத் தண்ணீரை நாங்கள் பிடித்துவைக்கும் குடத்தை எட்டிப் பார்த்தார். மூடி இல்லை, உள்ளே ஒரு டம்ளர் மிதந்துகொண்டிருந்தது. பிள்ளைக்குக் கால் கழுவிவிட்ட கையோடு அதில் மொண்டது நான்தான். இப்போது அடுப்படியில் குழாய் வைத்த பானையும், புறக்கடையில் சோப்பும், கழுத்தில் சிவப்பு நூல் கட்டிய ஒரு லிட்டர் பாட்டிலும் இருக்கின்றன. அந்தப் பாட்டிலில் வேறெதையும் ஊற்ற மாமியார் விடுவதில்லை.