பிரிண்டரில் காகிதமும் மையும் சேமிப்பது: நீண்ட காலப் பயன்பாட்டில் நிலைத்தவை

வீட்டில் பல ஆண்டுகளாக இங்க்ஜெட் பிரிண்டர் பயன்படுத்தி வருகிறேன். சிக்கன யோசனைகள் பலவற்றை முயன்று பார்த்ததில் எனக்கு உறுதியானது இதுதான்: ஒவ்வொரு முறையும் நினைவு வைத்துச் செய்ய வேண்டியவை நிலைப்பதில்லை, ஒருமுறை மாற்றிவைத்துவிட்டுப் பிறகு மறந்துவிடக் கூடியவையே நிலைக்கின்றன.

அச்சிடும்போது திறக்கும் பெட்டியில் மாற்றுவது பெரும்பாலும் அந்த ஒரு வேலைக்கு மட்டும்தான் செல்லும். அதனால் விண்டோஸ் அமைப்புகளில் பிரிண்டரின் அச்சு விருப்பங்களைத் திறந்து, இருபக்க அச்சு, கறுப்பு வெள்ளை, வரைவுத் தரம் மூன்றையும் இயல்பு நிலையாக்கிவிட்டேன். வரைவுத் தரத்தில் எழுத்து சற்று வெளிறும், படிப்பதற்குத் தடையில்லை. விண்ணப்பமோ புகைப்படமோ அச்சிடும்போது மட்டும் தரத்தைக் கூட்டிக்கொள்கிறேன். கறுப்பு வெள்ளை என்று தேர்ந்தெடுத்தாலும் சில பிரிண்டர்கள் வண்ண மைகளையும் கலந்தே சாம்பல் நிறத்தை உண்டாக்கும். ‘கறுப்பு மை மட்டும்’ என்ற தேர்வு தனியாக இருந்தால் அதையே எடுங்கள்.

மை உண்மையில் எங்கே போகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மையைத் தாளில் தெளிக்கும் பகுதியான அச்சுத் தலையைச் சுத்தம் செய்யும் ஒவ்வொரு முறையும் அதன் நுண்துளைகள் வழியாக மை உறிஞ்சப்பட்டு, உள்ளே இருக்கும் கழிவுப் பஞ்சில் சேர்கிறது. ஒரு எழுத்துகூட அச்சாகாமலே மை குறையும். எனவே அச்சில் கோடு விழுந்தவுடன் சுத்தம் செய்யப் போகாமல், எந்தத் துளை அடைத்திருக்கிறது என்று காட்டும் நுண்துளைச் சோதனைப் பக்கத்தை மட்டும் முதலில் அச்சிட்டுப் பார்க்கிறேன். பிரிண்டரை அதன் சொந்தப் பொத்தானால் அணைப்பதும் முக்கியம். அப்போதுதான் அச்சுத் தலை தன் மூடிக்குள் போய் அமரும். சுவர் சுவிட்சை நேரடியாக அணைத்தால் வேலையின் நடுவில் திறந்தபடியே நின்று உலர்ந்துபோகலாம். நீண்ட நாள் அச்சிடாமல் வைத்திருப்பதும் சிக்கனம் ஆகாது. அவ்வப்போது ஒரு வண்ணப் பக்கம் அச்சிடுவது, அடைப்பை நீக்கச் செலவாகும் மையைவிட மலிவு.

இணையப் பக்கங்களை அச்சிடும்போதுதான் காகிதம் அதிகம் வீணாகிறது. விளம்பரம், பட்டியல், கடைசித் தாளில் ஒற்றை வரி! தேவையான பத்தியைத் தேர்ந்தெடுத்து அதை மட்டும் அச்சிடலாம். அல்லது விளம்பரங்களை நீக்கிக் கட்டுரையை மட்டும் காட்டும் உலாவியின் வாசிப்பு முறைக்கு மாற்றிவிட்டு அச்சிடலாம். முன்னோட்டத்தைப் பார்ப்பது மட்டும் தானாக நடக்காது. அந்த ஒரு பழக்கத்தை நாம்தான் வளர்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு தாளில் இரண்டு பக்கம் அச்சிடும் வசதி எனக்கு மிகவும் பிடிக்கும். ஏ4 தாளைப் பாதியாக்கினால் அதே விகிதம் கிடைப்பதால் இடம் வீணாவதில்லை. ஆனால் எழுத்து ஏறக்குறைய 71 சதவீதமாகச் சுருங்கும். 12 புள்ளி எழுத்து எட்டரைப் புள்ளியாகிவிடும். வயதானவர்கள் படிக்க வேண்டிய தாளில் இதைச் செய்யவே கூடாது.

எழுத்துருவை மாற்றும் யோசனை என்னிடம் நிலைக்கவில்லை. அமெரிக்காவின் விஸ்கான்சின்-கிரீன்பே பல்கலைக்கழகம் 2010இல் மின்னஞ்சலின் இயல்பு எழுத்துருவை ஏரியலிலிருந்து செஞ்சுரி கோதிக்குக்கு மாற்றியது பேசப்பட்டது. மெல்லிய கோடுகளால் மை குறையும் என்பது சரிதான். ஆனால் அதன் எழுத்துகள் அகலமானவை. நீண்ட ஆவணம் என்றால் பக்கம் கூடிவிடும்.

ஒருபக்கம் அச்சான பழைய தாள்களை நான் மறுபடி பிரிண்டரில் போடுவதில்லை. மடிப்பும் ஸ்டேப்ளர் பின் துளையும் தாளைச் சிக்க வைக்கும். அவற்றைச் சேர்த்துத் தைத்துக் குறிப்பேடாகப் பயன்படுத்துகிறேன்.